கடலூர் காத்துல வீட்டுப் பாம்பு... கூண்டுக்குள் ஈரப்பதம் எவ்வளவு இருக்கணும்?

ஐப்பசி அடைமழையில் துவைச்ச துணி ரெண்டு நாளானாலும் பிசுபிசுன்னு இருக்கும். கடலூர், சிதம்பரம்காரங்களுக்கு இது பழகிப்போன விஷயம். ஆனால், அதே காற்றுதான் உங்கள் பாம்புக் கூண்டுக்குள்ளும் போகிறது. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து தினமும் தண்ணீர் ஸ்பிரே செய்தால், நம்ம ஊரில் அதுவே நோயாக முடியும்.

முதலில் சட்டம்!

சாரை, நல்ல பாம்பு, மலைப்பாம்பு என நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்க்க, 1972-ம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லை. பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க 'பால் பைதான்' போன்றவற்றை வைத்திருப்பவர்கள், 2024-ல் வந்த விதிகளின்படி 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

எவ்வளவு தேவை?

பால் பைதானுக்கு 60 சதவிகிதத்தை ஒட்டி இருக்கலாம். சட்டை உரிக்கும் நாள்களில் 70 வரை போகலாம். அமெரிக்காவின் கார்ன் ஸ்நேக்குக்கு 40 முதல் 60 போதும்.

அளப்பது எப்படி?

டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் இரண்டு வாங்குங்கள். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று, பாம்பு படுக்கும் உயரத்தில் வையுங்கள். காற்று சூடானால் ஈரப்பத சதவிகிதம் குறையும் என்பதால், இரண்டும் வேறு வேறு எண் காட்டுவது இயல்புதான்.

மீட்டர் சரியா என்று பார்க்க உப்பு போதும். பாட்டில் மூடியில் உப்பு போட்டு, சில சொட்டு தண்ணீர் விட்டு, ஈர மணல்போலக் குழையுங்கள். அதையும் மீட்டரையும் ஜிப் கவரில் மூடி ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால், இனி எப்போதும் 5 கூட்டிக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில்...

ஸ்பிரே வேண்டாம். தண்ணீர்க் கிண்ணத்தைக் குளிர்ந்த பக்கம் மாற்றுங்கள். காற்றுத் துளைகளைத் திறந்து வையுங்கள். நனைந்த தேங்காய் நார்த்தூளை எடுத்துவிட்டுக் காய்ந்ததைப் போடுங்கள்.

ஏசி, கோடைக் காலத்தில்...

கிண்ணத்தைச் சூடான பக்கம் வையுங்கள். மூடியில் ஓட்டை போட்ட டப்பாவுக்குள் ஈரப் பாசி வைத்தால், தேவைப்படும்போது பாம்பே உள்ளே போய்க்கொள்ளும்.

இதைக் கவனிங்க!

சட்டை துண்டு துண்டாக உரிந்தால், கண் மேல் தோல் ஒட்டியிருந்தால் ஈரம் போதவில்லை. கையால் பிய்க்காதீர்கள், கண் போய்விடும். வயிற்றுச் செதில்கள் பழுப்பாகிப் புண்ணானால் தரை ஈரம் அதிகம். வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, மூக்கில் நுரை வந்தாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

புயல் வந்தால்?

2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கரையைக் கடந்தபோது, கடலூரில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. கரன்ட் போனால் ஹீட்டர் நிற்கும், கூண்டு குளிரும், ஈரப்பதம் ஏறும். எனவே, பழைய நியூஸ்பேப்பர் கட்டு ஒன்றைக் கைவசம் வையுங்கள். தரையில் விரித்து, நனைய நனைய மாற்றுங்கள். மீட்டர் பேட்டரியில்தான் ஓடும், இருட்டிலும் அது உண்மையைச் சொல்லும்!