யாவர்க்கும் திறந்த கருவி

மேல்கோட்டையின் முற்றுப்பெறாத இராயகோபுரத்தை நேயர்கள் பலர் திரையிலே கண்டிருப்பர். 1991-இல் வெளிவந்த ‘தளபதி’ படத்தின் சில காட்சிகள் அங்கே எடுக்கப்பட்டன. அக்காட்சிகளுக்குக் கல்தூண்களே போதியனவாயின. 1997-இல் வந்த ‘டைட்டானிக்’ படத்தின் மூழ்கும் கப்பலுக்கோ கணிப்பொறியின் துணையும் வேண்டியதாயிற்று.

திரையில் நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியே கணக்கிட்டு வரைதற்குப் பொறிகள் பல ஒருங்கே உழைத்தல் வேண்டும். அக்காலத்தில் இப்பணிக்கு வழங்கிய பொறிகளோ பெருவிலையுடையன. ஆகவே, டிஜிட்டல் டொமைன் நிறுவனத்தார் நூற்றுக்கு மேற்பட்ட ஆல்பா பொறிகளில் லினக்ஸ் இயங்குதளத்தை அமைத்தனர். ‘தளபதி’ வெளிவந்த அதே 1991-இல், பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டது அது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். குறை கண்டவிடத்து உரியவரை எதிர்பாராது தாமே திருத்திக்கொள்ளலாம். பின்னர்ப் பெரிய கலைக்கூடங்கள் பலவும் அவ்வழியே சென்றன. 2018-இல் ஆஸ்கார் விருது வழங்கும் கழகமும் லினக்ஸ் அறக்கட்டளையும் இணைந்து, திரைத்துறையின் திறந்த மென்பொருள்களைப் பேண ஓர் அமைப்பை நிறுவின.

மேல்கோட்டையில் வாழ்ந்த இராமானுசர், மறைவாகப் பெற்ற மந்திரத்தைத் திருக்கோட்டியூரில் யாவரும் கேட்க உரைத்தார் என்பது வைணவ மரபு. அவ்வூருக்குச் செல்லும் நேயர்கள் கோபுரத்தோடு இதனையும் நினைவிற் கொள்வார்களாக.