குறுக்கெழுத்துப் புதிரும் இருவடிவச் சொற்களும்

தமிழ்க் குறுக்கெழுத்துப் புதிரில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. உயிரோ மெய்யோ உயிர்மெய்யோ, கணக்கு ஒன்றுதான்: ‘கோ’வும் ஒரு கட்டம், ‘ல்’லும் ஒரு கட்டம். ஆகவே ஒரே சொல்லை இரண்டு விதமாக எழுதும் வழக்கம் இருந்தால், கட்டங்களின் எண்ணிக்கையே மாறிவிடலாம்.

திருச்சியின் ஊர்ப்பெயர்களே இதற்கு நல்ல சான்று. மாநகரின் தென்பகுதியிலுள்ள எடமலைப்பட்டி புதூருக்கு 11 கட்டம் வேண்டும். ஒற்று மிகுத்து ‘எடமலைப்பட்டிப்புதூர்’ என்றால் 12. திருவரங்கம் 7, சீரங்கம் 5. ‘ஸ்ரீரங்கம்’ என்று எழுதினால் ‘ஸ்ரீ’யை ஒரு கட்டத்தில் அடைப்பதா, இரண்டாகப் பிரிப்பதா என்பதைப் புதிர் அமைப்பவர் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. திருவானைக்கா என்றால் 6 கட்டம்; இங்கே சிக்கல் இல்லை. திருவானைக்காவல், திருவானைக்கோவில் இரண்டுக்கும் 8. வேறுபாடு ஆறாம், ஏழாம் கட்டங்களில் மட்டுமே. அவற்றில் ஒன்றையாவது மேலிருந்து கீழ் வரும் சொல் வெட்டிச் செல்லாவிட்டால், விடை காண்பவர் ஊகத்தைத்தான் நம்ப வேண்டும். அப்படிப்பட்ட கட்டமைப்பு குறையுள்ளது.

இத்தகைய இணைகள் பலவற்றைப் பிழை என்று தள்ள முடியாது. பவணந்தி முனிவரின் நன்னூல் அறம்–அறன், நலம்–நலன் போன்றவற்றுக்கு இலக்கணமே வகுத்திருக்கிறது. இவற்றைப் போலி என்பர். ‘அய்’ ஐகாரத்துக்கும் ‘அவ்’ ஔகாரத்துக்கும் ஈடாக வருவதும் அந்நூலில் உண்டு. ஐயா 2 கட்டம், அய்யா 3. மௌனம் 3, மவுனம் 4. குறிப்புக்குப் பின்னுள்ள எண்ணே இங்கு தீர்ப்புச் சொல்லிவிடும்.

பவளம்–பவழம் அப்படியல்ல. இரண்டும் 4 கட்டம். மூன்றாவதில் ளகரமா, ழகரமா? குறுக்கே செல்வது ‘அளவு’ என்றால் பவளம், ‘அழகு’ என்றால் பவழம். தமிழ்ச் சொல் ளகரத்திலோ ழகரத்திலோ தொடங்காது என்பதால், வெட்டும் சொல்லின் நடுவிலோ கடைசியிலோதான் அந்த எழுத்தை வைக்க முடியும். வார இதழ்ப் புதிர்களில் வலமிருந்து இடமும் கீழிருந்து மேலும் சொற்கள் வருவதால் அமைப்பவருக்குக் கூடுதல் வழி கிடைக்கிறது.

ஆர்தர் வின் 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளிதழில் முதல் குறுக்கெழுத்துப் புதிரை வெளியிட்டார். இப்படிப் புதிர் பிறந்த ஆங்கிலத்திலும் இதே தொல்லை உண்டு: அமீர் என்னும் பட்டப்பெயரை நான்கெழுத்தில் இரண்டு விதமாகவும் ஐந்தெழுத்தில் இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். அமெரிக்கப் புதிர்களில், அரிய வடிவம் விடையாக வந்தால் குறிப்பின் இறுதியில் ‘வேறு வடிவம்’ என்பதற்கான சுருக்கக்குறி சேர்க்கப்படும். தமிழ்ப் புதிர்களும் இம்முறையைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

கணினித் திரையில் இன்னொரு சிக்கல். ஒருங்குறியில் ‘கோ’வை இரண்டு குறியீடுகளாலும் மூன்று குறியீடுகளாலும் அமைக்கலாம், கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நிரல் இவற்றைச் சமமாக்கிப் பார்க்காவிட்டால் சரியான விடையும் தவறாகிவிடும். ‘ஔவை’யை ‘ஒ’வும் ‘ள’வுமாகத் தட்டச்சு செய்தாலோ, 2 கட்டச் சொல் மூன்றாகிவிடும்.