வீட்டில் பியர் காய்ச்சுதல்

விற்பனைக்கு அல்லாமல் சொந்தப் பயனுக்காகச் சிறிய அளவில் பியர் தயாரிப்பதே வீட்டில் பியர் காய்ச்சுதல். முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட், கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ, ஈஸ்ட், தண்ணீர் ஆகிய நான்கும் இதற்குப் போதும். ஒரு முறைக்கு அமெரிக்காவில் 5 கேலன், அதாவது 19 லிட்டரும், பிரிட்டனில் 40 பைன்ட், அதாவது ஏறத்தாழ 23 லிட்டரும் காய்ச்சுவது வழக்கம். சாராயத்தைப் போல இதை வடித்தெடுப்பதில்லை. நொதித்தலோடு வேலை முடிகிறது. கள்ளச்சாராயச் சாவுகளுக்குக் காரணமான மெத்தனால், பார்லி நொதிக்கும்போது அஞ்சத்தக்க அளவில் உண்டாவதில்லை.

பிரிட்டனில் வீட்டில் பியர் காய்ச்ச உரிமம் வேண்டும் என்ற விதி 1963இல், ரெஜினால்ட் மாட்லிங் நிதியமைச்சராக இருந்தபோது நீக்கப்பட்டது. அமெரிக்காவில் 1933இல் மதுவிலக்கு முடிந்தபின் வீட்டில் வைன் தயாரிக்க இடம் கிடைத்தது, பியருக்குக் கிடைக்கவில்லை. 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் அந்தத் தடையை நீக்கியது. வயதுவந்தவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 கேலன், இருவரோ மேலோ உள்ள வீட்டுக்கு 200 கேலன் என்பது அதன் வரம்பு. அதே ஆண்டில் கொலராடோவின் போல்டர் நகரில் சார்லி பபேசியனும் அவருடைய நண்பரும் வீட்டில் காய்ச்சுவோருக்கான அமெரிக்கச் சங்கத்தைத் தொடங்கினர். பின்னாளில் பெயர்பெற்ற சிறு மதுவாலைகள் பலவற்றை நிறுவியவர்கள் வீட்டில் காய்ச்சிப் பழகியவர்களே. கலிஃபோர்னியாவில் சியரா நெவாடா மதுவாலையை நிறுவிய கென் கிராஸ்மன் அவர்களில் ஒருவர்.

மனிதர் தயாரிப்பது வோர்ட் எனப்படும் இனிப்புச் சாற்றை மட்டுமே. அதைப் பியராக்குவது ஈஸ்ட். புதியவர் இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்ற அறிவுரைகளின் காரணம் தானே விளங்கும். ஈஸ்டுக்கு வேண்டியது மூன்று: வேறு நுண்ணுயிர்கள் போட்டிக்கு வராத பாத்திரம், ஏற்ற வெப்பநிலை, போதிய காலம். சமையல் குறிப்பு எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் இம்மூன்றில் ஒன்று தவறினால் பியர் கெடும். இம்மூன்றும் சரியாக அமைந்தால் மிக எளிய குறிப்பும் நல்ல பியரைத் தரும்.

வோர்ட் தயாரிக்க மூன்று வழிகள் உண்டு. ஹாப்ஸ் கலந்த மால்ட் பாகு டப்பாவில் கிடைக்கிறது. அதை வெந்நீரில் கரைத்து, ஆறியபின் ஈஸ்ட் தூவுவது முதல் வழி. மால்ட் பாகை வாங்கி, ஹாப்ஸைத் தாமே சேர்த்துக் கொதிக்கவைப்பது இரண்டாவது. நொறுக்கிய மால்ட்டை 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, தானியத்திலுள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிய பின் சாற்றை வடிகட்டுவது மூன்றாவது. தொடங்குபவருக்கு இரண்டாவது வழியே சிறந்தது. செலவும் பாத்திரங்களும் குறைவு. ஆயினும் காய்ச்சுதலின் சாரம் முழுவதும் அதில் கற்றுக்கொள்ளக் கிடைக்கிறது. டப்பா வழியைத் தேர்பவர்கள், ஒரு கிலோ வெள்ளைச் சர்க்கரை சேர்க்கச் சொல்லும் குறிப்பைக் கண்டால் அதற்குப் பதிலாக மால்ட் பாகையோ பொடியையோ சேர்ப்பது நல்லது. வெறும் சர்க்கரை முழுவதும் நொதித்துவிடுவதால் பியர் நீர்த்துப்போகும்.

தூய்மையில் இரண்டு படிகள் உள்ளன. இரண்டும் வேறு வேறு. முதலாவது கண்ணுக்குத் தெரியும் அழுக்கைக் கழுவுதல். இரண்டாவது, கழுவிய பாத்திரத்தில் எஞ்சும் நுண்ணுயிர்களைக் கொல்லுதல். அழுக்கின்மேல் கிருமிநாசினி ஊற்றிப் பயனில்லை. கொதிக்கும் வோர்ட் தன்னைத்தானே காத்துக்கொள்ளும். ஆறிய பின் அதைத் தொடும் ஒவ்வொன்றும், அதாவது வாளி, மூடி, குழாய், கரண்டி, வெப்பமானி, கத்தரிக்கோல் எல்லாமே, கிருமி நீக்கப்பட்டிருக்க வேண்டும். அலச வேண்டாத பாஸ்பாரிக் அமிலக் கலவையும் அயோடோஃபரும் இதற்கு விற்கப்படுகின்றன. சலவைத் தூள் (பிளீச்சிங் பவுடர்) போட்டால் நன்றாக அலசியாக வேண்டும். எஞ்சிய குளோரின் மால்ட்டின் சேர்மங்களோடு கூடி மருந்து நெடியை உண்டாக்கும். பிளாஸ்டிக் வாளியைச் சுரண்டித் தேய்க்கக் கூடாது. கீறல்களில் கிருமிகள் ஒளிந்துகொள்ளும். அடியில் பொருத்திய குழாயைக் கழற்றிக் கழுவாமல் விடுவது, புதியவர்களின் பியர் புளிப்பதற்கு மிகப் பொதுவான காரணங்களில் ஒன்று.

தண்ணீர் குடிக்க நன்றாக இருந்தால் போதும். நகராட்சிக் குடிநீரில் குளோரின் வாடை இருந்தால் முந்தைய நாளே கொதிக்கவைத்து ஆற்றலாம். குளோரமின் சேர்த்த நீருக்கு மட்டும் கேம்ப்டன் எனப்படும் சல்பைட் மாத்திரை தேவைப்படும்.

19 லிட்டர் இளம்பழுப்பு ஏல் வகைக்கு ஏறத்தாழ 3 கிலோ மால்ட் பாகும், கசப்புக்குக் காரணமான ஆல்ஃபா அமிலம் 7 சதவீதம் கொண்ட ஹாப்ஸ் 30 கிராமும் நல்ல தொடக்க அளவு. பாகைச் சேர்க்கும்போது அடுப்பை அணைத்துவிட வேண்டும். இல்லையேல் அடிப்பிடித்துக் கருகும். கொதி வந்ததும் நுரை பால் பொங்குவதுபோலச் சட்டெனப் பொங்கி வழியும், ஆகவே அந்தச் சில நிமிடங்கள் அடுப்பை விட்டு நகரக் கூடாது. ஹாப்ஸை ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தால் கசப்பு இறங்கும். கடைசி ஐந்து, பத்து நிமிடங்களில் இட்டால் மணம் தங்கும். பெரிய பானை இல்லாதவர்கள் பத்துப் பன்னிரண்டு லிட்டரைக் கொதிக்கவைத்து, மீதிக்குக் காய்ச்சி ஆறிய நீரைச் சேர்க்கலாம். கொதித்த வோர்ட்டைப் பனிக்கட்டித் தொட்டியில் வைத்தோ செப்புச் சுருள்குழாயில் தண்ணீர் ஓடவிட்டோ விரைவாக 20 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். ஆறியபின் நன்றாகக் கலக்கிக் காற்றேற்றுவது ஈஸ்ட் பெருக உதவும். பியரில் காற்று நல்லது செய்யும் நேரம் இது ஒன்றே.

11 கிராம் அளவிலான உலர் ஈஸ்ட் பொட்டலம் ஒன்று இந்த அளவுக்குப் போதும். புதியவர் ஏல் ஈஸ்டையே எடுக்க வேண்டும். 18 முதல் 20 டிகிரியில் அது நன்றாக வேலை செய்யும். லாகர் ஈஸ்டுக்கு 8 முதல் 13 டிகிரி வரை குளிர் தேவை; தனிக் குளிர்பெட்டி இல்லாமல் அதில் இறங்குவது வீண். இங்கே பலர் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு: நொதித்தல் தானே வெப்பத்தை உண்டாக்குவதால், உச்சத்தில் உள்ளிருக்கும் பியர் அறையைவிடச் சில டிகிரி கூடுதல் சூட்டில் இருக்கும். 24 டிகிரி அறையில் வைத்த வாளி உண்மையில் 27 டிகிரியைத் தாண்டலாம். அந்தச் சூட்டில் ஈஸ்ட் காட்டமான சாராய நெடி தரும் கன ஆல்கஹால்களை உண்டாக்கும். வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, ஈரத்துணி சுற்றி, உறையவைத்த தண்ணீர்ப் பாட்டில்களை மாற்றி மாற்றிப் போட்டாலே சில டிகிரி இறங்கிவிடும். முதல் மூன்று நாள்களின் வெப்பநிலையே பியரின் சுவையைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது. புதிய கருவிக்குப் பணம் செலவிட நினைப்பவர் முதலில் இதற்கே செலவிட வேண்டும்.

வாளியின் மூடியில் வாயுவை வெளியேவிடும் காற்றுப்பூட்டில் குமிழ்கள் நின்றுவிட்டதால் நொதித்தல் முடிந்தது என்று கொள்ள முடியாது. மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலும் குமிழ் வராது. நம்பத்தக்க சான்று, நீர்மத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஒன்றே. தொடக்கத்தில் 1.048 காட்டிய அளவு 1.010க்கு இறங்கி, இரண்டு மூன்று நாள் இடைவெளியிலும் மாறாதிருந்தால் நொதித்தல் முடிந்துவிட்டது. இரண்டு அளவுகளின் வேறுபாட்டை 131ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம் கிடைக்கும். இங்கே அது ஏறத்தாழ 5. இரண்டு வாரம் பொறுப்பது பொதுவாகப் போதும். இடையில் தேவையின்றி மூடியைத் திறந்து பார்ப்பதால் கேடு மட்டுமே விளையும்.

பாட்டிலில் அடைக்கும்போது லிட்டருக்கு 6 கிராம் வீதம் சர்க்கரையைச் சிறிது நீரில் கொதிக்கவைத்துச் சேர்த்தால், எஞ்சிய ஈஸ்ட் அதைத் தின்று கார்பன் டை ஆக்சைடை உண்டாக்கும். பியரைத் தெறிக்கவிடாமல் குழாயை அடிவரை விட்டு நிரப்ப வேண்டும். இந்தக் கட்டத்தில் காற்று புகுந்தால் சில வாரங்களில் ஈர அட்டைச் சுவை வரும். நொதித்தல் முடியுமுன் அடைத்தாலோ சர்க்கரை மிகுந்தாலோ பாட்டில் வெடிக்கும். கண்ணாடிச் சில்லுகள் கடுமையாகக் காயப்படுத்தும். அழுத்தம் தாங்கும் பியர் பாட்டில்களை மட்டுமே பயன்படுத்த வேண்டும். பழுப்பு நிறம் நல்லது; வெளிச்சம் ஹாப்ஸ் சேர்மங்களைச் சிதைத்துத் துர்நாற்றம் உண்டாக்கும். அறை வெப்பத்தில் இரண்டு வாரம் வைத்த பின் குளிரூட்டலாம்.

குறைகள் பெரும்பாலும் சுவையிலேயே தம் காரணத்தைச் சொல்லிவிடும். பச்சை ஆப்பிள் மணமும் வெண்ணெய்ச் சுவையும் அவசரத்தின் அடையாளங்கள். ஈஸ்ட்மீது இன்னும் சில நாள் விட்டால் பெரும்பாலும் நீங்கும். வேகவைத்த சோள மணம், கொதி போதாமையையோ மூடிவைத்துக் கொதிக்கவிட்டதையோ குறிக்கும். வினிகர்ப் புளிப்பு தொற்றின் விளைவு. அதைச் சரிசெய்ய வழி கிடையாது. ஒவ்வொரு முறையும் அளவு, வெப்பநிலை, நாள் ஆகியவற்றைக் குறித்து வைப்பவரே காரணத்தைக் கண்டுபிடித்து அடுத்த முறை திருத்த முடியும். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதே சரியான முறை.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஜப்பானில் 1 சதவீதமும் அதற்கு மேலும் ஆல்கஹால் உள்ள பானத்தை உரிமமின்றி வீட்டில் தயாரிக்கக் கூடாது. சிங்கப்பூரில் சொந்தப் பயனுக்கு வரம்புக்குட்பட்டுக் காய்ச்சலாம், விற்கக் கூடாது. இந்தியாவில் மது மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ளது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி உரிமமின்றி வீட்டில் பியர் காய்ச்சுவது தண்டனைக்குரிய குற்றம்.