ஆணையால் எழுந்த நகரம்: செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தலைநகரான வரலாறு

1. முன்னுரை

உலக நாடுகளின் தலைநகரங்களை அவை தோன்றிய முறைநோக்கி இருவகையாகப் பகுக்கலாம். வாணிகம், வழிபாடு, குடிப்பெருக்கம் ஆகியவற்றால் நூற்றாண்டுகள் பல கடந்து தாமே வளர்ந்து தலைமை பெற்றவை ஒருவகை. ஆள்வோரின் ஆணையால் குறுகிய காலத்தில் உருவாக்கப்பெற்றவை மற்றொருவகை. மாஸ்கோ முதல்வகையைச் சார்ந்தது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இரண்டாம் வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ரஷ்ய மன்னர் முதலாம் பீட்டர் (1672-1725) 1703-ஆம் ஆண்டு இந்நகரை நிறுவினார் என்றும், 1712-இல் அதனைத் தலைநகராக்கினார் என்றும் வரலாற்று நூல்கள் சுருங்கக் கூறும். இக்கூற்றுகள் பிழையுடையன அல்ல. ஆயினும் நிறைவுடையனவும் அல்ல. ஒரு கோட்டை எவ்வாறு தலைநகராயிற்று, அதற்கு விலை கொடுத்தவர் யாவர், நிறுவியவர் மறைந்தபின் அது எவ்வாறு நிலைத்தது என்னும் வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதில் நாளும் திங்களுமாகக் குறிக்கப்பெறுவன அக்கால ரஷ்யாவில் வழங்கிய பழைய நாட்காட்டியைச் சார்ந்தவை.

2. கோட்டையின் தோற்றம்

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ரஷ்யாவிற்கு மேலைநாடுகளுடன் கடல்வழித் தொடர்பு கொள்ள இருந்த முதன்மையான துறைமுகம் வடகோடியில் அமைந்த ஆர்க்காங்கல் ஒன்றே. ஆண்டின் பெரும்பகுதி அது பனியால் அடைபட்டுக் கிடந்தது. பால்டிக் கடற்கரையோ 1617-ஆம் ஆண்டின் ஸ்டோல்போவோ உடன்படிக்கையால் சுவீடனின் கைக்குப் போயிருந்தது. இழந்த கரையை மீட்கும்பொருட்டு 1700-இல் பீட்டர் தொடங்கிய போர் இருபத்தோராண்டு நீடித்தது. அவ்வாண்டே நார்வாவில் பெருந்தோல்வி கண்ட அவர், படையைத் திருத்தியமைத்து, 1703 மே முதல்நாள் நேவா ஆற்றங்கரையிலிருந்த நியேன்சான்ஸ் என்னும் சுவீடியக் கோட்டையைக் கைப்பற்றினார். கடலுக்கு இன்னும் அணித்தாக, ஆற்றின் கழிமுகத்திலுள்ள முயல்தீவில் மே 16-ஆம் நாள் புதிய கோட்டை எழுப்பும் பணி தொடங்கிற்று. அதுவே நகரின் பிறந்தநாளாகக் கொள்ளப்படுகிறது.

இந்நாளைச் சூழ்ந்து கதைகள் பல வழங்குகின்றன. மன்னர் தம் கையால் புல்மண்ணை வெட்டி அடிக்கல் இட்டதாகவும், கழுகொன்று அவர் தலைக்கு மேல் வட்டமிட்டதாகவும் அவை கூறும். அன்று அவர் அவ்விடத்தில் இருந்தாரா என்பதே வரலாற்றறிஞரிடையே ஐயத்திற்குரியதாக உள்ளது. மனித வாடையே அற்ற சதுப்புநிலத்தில் நகரம் எழுந்தது என்னும் கருத்தும் மிகைப்பட்டதே. நியேன்சான்ஸ் கோட்டையை அடுத்து நியேன் என்னும் வணிகச் சிற்றூர் இருந்தது. கழிமுகத்திலும் சிற்றூர்கள் சில இருந்தன. புஷ்கின் 1833-இல் இயற்றிய 'வெண்கலக் குதிரைவீரன்' என்னும் காவியம், வெறுநிலத்தில் ஒருவரின் உறுதியால் எழுந்த நகரம் என்னும் எண்ணத்தை மக்கள் உள்ளத்தில் ஆழப் பதித்தது.

பெயரும் முதலில் நகருக்கு இடப்பட்டதன்று. ஜூன் 29, புனித பேதுரு, பவுல் திருநாளன்று கோட்டைக்கே அப்பெயர் வழங்கப்பெற்றது. மன்னரின் பெயருக்குரிய புனிதரைக் குறித்த அப்பெயர் டச்சுமொழிச் சாயலில் அமைந்தது. அவர் 1697-98-இல் ஆலந்தில் கப்பற்கலை பயின்றவர் என்பது இங்கு நினையத்தக்கது. பின்னர் அப்பெயர் நகருக்கு உரியதாக, கோட்டை தன்னுள் எழுந்த தேவாலயத்தின் பெயரைப் பெற்றது.

3. ஆணைகளும் உழைப்பும்

கோட்டை நகராக வளர்ந்தது குடியேற்றத்தாலன்று, ஆணைகளாலேயே. முதற்கண் படைவீரரே மண் சுமந்தனர். அடுத்த ஆண்டு முதல் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் உழவர்கள் முறைவைத்து வரவழைக்கப்பட்டனர். ஆண்டொன்றுக்கு 40,000 பேர் வரை அனுப்புமாறு அரசு கோரிற்று. வந்து சேர்ந்தவர் அத்தொகைக்குக் குறைந்தவரே. போர்க்கைதிகளும் குற்றவாளிகளும் இவர்களுடன் சேர்க்கப்பட்டனர். நெடுந்தொலைவு நடந்து வந்து, ஈரநிலத்தில் தங்கி, போதிய உணவின்றிப் பணிபுரிந்தவருள் பலர் நோயால் மடிந்தனர். இறந்தவர் நூறாயிரவர் வரை என அக்கால வெளிநாட்டார் எழுதினர். பிற்கால ஆய்வாளர் இத்தொகையை மிகையெனக் கருதுவர். தொகை எதுவாயினும், கட்டாய ஊழியம் இன்றி இந்நகர் இல்லை என்பதில் கருத்து வேறுபாடில்லை.

கல்லுக்கும் ஆணையே வழிசெய்தது. 1714-இல் பிறப்பித்த ஆணையால் ரஷ்யா முழுவதிலும் கற்கட்டடம் எழுப்புதல் தடுக்கப்பட்டது. புதிய நகர் மட்டும் விலக்குப் பெற்றது. கொத்தர்கள் வேறிடத்தில் வேலையற்றுப் போக, இங்கு வந்து சேர்வர் என்பது எதிர்பார்ப்பு. அவ்வாண்டே மற்றோர் ஆணை, நகருக்குள் நுழையும் ஒவ்வொரு வண்டியும் மூன்று கற்களையும், ஒவ்வொரு கலமும் தன் அளவிற்கேற்பப் பத்து முதல் முப்பது கற்களையும் கொணர வேண்டுமென விதித்தது. இக்கல்வரி 1776 வரை நீடித்தது. சுவிட்சர்லாந்தைச் சார்ந்த கட்டடக்கலைஞர் தொமெனிக்கோ திரெசினி குடிகளின் தகுதிக்கேற்ப மாதிரி வீடுகளை வரைந்தார். வீடு கட்டுவோர் அவ்வடிவங்களைப் பின்பற்ற வேண்டியிருந்தது. பெருங்குடியினரும் வணிகரும் கைவினைஞரும் பெயர்சுட்டி அழைக்கப்பெற்று, தம் செலவில் வீடு கட்டிக் குடியேறப் பணிக்கப்பட்டனர். வாணிகமும் இதற்கு விலக்கன்று. 1713 முதல் சணல், பதனிட்ட தோல் போன்ற சரக்குகளை ஆர்க்காங்கலுக்கன்றிப் புதிய துறைமுகத்திற்கே கொண்டுவருமாறு ஆணைகள் பிறந்தன.

மக்கள் படகோட்டப் பழகவேண்டும் என்பதற்காக நேவாவின் குறுக்கே பாலம் அமைக்கவும் பீட்டர் இசையவில்லை. அவர் மறைந்தபின், 1727-இல்தான் முதல் மிதவைப்பாலம் தோன்றிற்று.

4. தலைநகரான ஆண்டு

1709-இல் போல்த்தாவா வெற்றிக்குப்பின், நகரின் அடித்தளக்கல் இப்போதுதான் உறுதியாக அமைந்தது என்னும் கருத்துப்பட மன்னர் கடிதம் எழுதினார். கோட்டை தோன்றி ஆறாண்டாகியும் அது நிலைக்குமோ என்னும் கவலை அவரை விட்டு நீங்கவில்லை என்பது இதனால் பெறப்படும். 1712-இல் அரசகுடும்பத்தாரும் அயல்நாட்டுத் தூதர்களும் அங்குக் குடிபெயரலாயினர். செனட் அவையும் தொடர்ந்து வந்தது. ஆனால் 'இதுவே தலைநகர்' என அறிவிக்கும் தனியாணை ஒன்றும் கிடைக்கவில்லை. சிறு செய்திகளுக்கெல்லாம் ஆணை பிறப்பித்த மன்னர், தலையாய செய்திக்கு ஆணை பிறப்பிக்கவில்லை என்பது நோக்கத்தக்கது. அவர் எங்கிருந்தாரோ அங்கு அரசு இருந்தது. அவர் நேவாக்கரையில் தங்கினார்.

இதனினும் குறிப்பிடத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1721 ஆகஸ்ட் 30-இல் நிஸ்டாட் உடன்படிக்கை கையெழுத்தாகும் வரை, அந்நிலம் சுவீடனுக்குரியதென்னும் பழைய உடன்படிக்கை முறைப்படி மாற்றப்படவில்லை. ஆகவே ஏறத்தாழ ஒன்பதாண்டுகள் ரஷ்ய அரசு, பகைநாட்டிடமிருந்து வென்று இன்னும் உடன்படிக்கையால் பெறாத மண்ணில் தன் தலைநகரை வைத்திருந்தது. அவ்வாண்டு அக்டோபர் 22-இல்தான் பீட்டர் பேரரசர் பட்டம் ஏற்றார். பேரரசு பிறக்குமுன்னரே பேரரசின் தலைநகர் பிறந்துவிட்டது.

5. மன்னருக்குப் பின்

1725 ஜனவரியில் பீட்டர் மறைந்தார். அவருடைய பெயரரான இரண்டாம் பீட்டர் காலத்தில், 1728-இல் அரசவை மாஸ்கோவிற்குத் திரும்பிற்று. விருப்பமின்றிக் குடியேறியோர் பலர் நகரைவிட்டு நீங்கினர். ஆணையால் எழுந்தது ஆணையிட்டவருடன் மறையும் என எண்ண இடமிருந்தது. ஆனால் 1730-இல் இளம்மன்னர் இறக்க, அரியணை ஏறிய அன்னா 1732 ஜனவரியில் அரசவையை மீண்டும் நேவாக்கரைக்குக் கொண்டுவந்தார்.

இதற்குத் தம் அதிகாரத்தைக் கட்டுப்படுத்த முயன்ற மாஸ்கோப் பெருங்குடியினரிடமிருந்து விலகியிருக்க அவர் விரும்பியது ஒரு காரணமாகலாம். எனினும் திரும்பிவர ஓரிடம் அங்கு இருந்தது என்பதே அடிப்படை. 1704-இல் தொடங்கிய கப்பல்தளம் தொழிற்பட்டுக்கொண்டிருந்தது. துறைமுக வாணிகம் ஆர்க்காங்கலை விஞ்சியிருந்தது. வோல்கா வடிநிலத்தின் விளைபொருள்களை நகருக்குக் கொணரும் நீர்வழியில், 1719-இல் தொடங்கிய லடோகா கால்வாய்ப்பணி நிறைவெய்தி வந்தது. 1711 முதல் அச்சகம் இயங்கிற்று. 1710-இல் மன்னர் ஒப்புதலளித்த எளிய எழுத்துவடிவில் உலகியல் நூல்கள் அங்கு வெளிவந்தன. 1724-ஆம் ஆண்டின் ஆணையால் அமைந்த அறிவியற் கழகம், அவர் இறந்தபின்னரே தன் பணியைத் தொடங்கிற்று. அக்கழகத்தின் கீழைமொழி அறிஞர் பேயர் 1738-இல் வெளியிட்ட நூலுடன், தரங்கம்பாடியில் பணியாற்றிய லுத்தரன் மறைபரப்புநர் வால்தர் இந்தியக் காலக்கணக்கு குறித்து எழுதிய பகுதியும் அச்சாயிற்று. கோட்டை தோன்றி முப்பத்தைந்தாண்டுக்குள் தமிழகக் கரையின் செய்தியும் அந்நகரின் அச்சேறியது என்பது நாம் அறிந்து மகிழத்தக்கது.

6. முடிவுரை

மேற்கூறியவற்றால் 1703-ஐயோ 1712-ஐயோ மட்டும் கொண்டு இத்தலைநகரின் தோற்றத்தை விளக்குதல் இயலாது என்பது தெளிவாகும். 1728 முதல் 1732 வரையிலான நான்காண்டுகளே அதன் உண்மையான தேர்வுக்காலம் எனலாம். ஆணை ஊரைக் கூட்டும். அவ்வூரில் தொழிலும் வாணிகமும் கல்வியும் வேரூன்றினாலன்றி அது நிலைக்காது. 1918 மார்ச்சில் தலைநகர் மீண்டும் மாஸ்கோவிற்கு மாறியது. 1914-இல் பெத்ரோகிராடு, 1924-இல் லெனின்கிராடு எனப் பெயரும் மாறி, 1991-இல் பழைய பெயரே திரும்பிற்று. தலைமை நீங்கியும் நகரம் நின்றது.

அதன் பெயரில் மன்னரின் நினைவு நிலைத்திருக்கிறது. பெயர் அறியப்படாத உழவர்களின் உழைப்போ அதன் அடித்தளத்தில் உள்ளது. இரண்டையும் ஒருங்கே நினைவிற் கொள்வதே நடுவுநிலையான வரலாற்று நோக்காகும்.