குறிமுள்

கம்பம் பள்ளத்தாக்கில் கரும்பு போட்டவன் காட்டுப் பன்றிக்குக் காவல் இருந்தாக வேண்டும். சிறு வயதில் பெரியப்பாவுடன் பரண்மீது நானும் உட்கார்ந்திருக்கிறேன். அவர் கையில் பயிர்க் காவலுக்கென லைசென்ஸ் பெற்ற நாட்டுத் துப்பாக்கி. மருந்தையும் குண்டையும் வாய்வழியே கெட்டிக்க வேண்டும். ஓர் இரவு குண்டு பன்றியை விட்டு வாய்க்கால் மேட்டில் பாய்ந்தது.

"குறியைச் சரி பண்ணக் கூடாதா, பெரியப்பா?"

யுத்தத்தில் பர்மா வரை போய் வந்தவர் அவர். "இதுல எங்கடா குறி இருக்கு, சரி பண்ண?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பின் சரித்திரம் பிற்பாடுதான் எனக்கு விளங்கிற்று. குழலுக்குள் மரை இருந்தால் குண்டு சுழன்று நேரே போகும். ஐந்து முறை சுட்டால் ஐந்தும் ஓரிடத்தில் கூடும். மரையில்லாவிட்டால் ஆளுக்கொரு திசைதான். கூடி விழும் பிழையைத் திருத்தலாம். சிதறி விழுவதை என்ன செய்வது?

1857-ல் கொழுப்புத் தடவிய தோட்டா கலகத்தை மூட்டியது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது மரையுள்ள என்பீல்டு துப்பாக்கிக்கு வந்த தோட்டா. கலகம் அடங்கியதும் சர்க்கார் இந்தியச் சிப்பாய்களுக்கென்றே மரையில்லாத என்பீல்டு செய்வித்தது. தூரத்துக்குத் தக்கபடி உயர்த்தும் பின்குறியை நீக்கி, அசையாத குறி ஒன்றை வைத்தார்கள். 1878-ல் ஆயுதச் சட்டம் வந்தது. நமக்கு லைசென்ஸ், வெள்ளைக்காரருக்கு விலக்கு. பின்னர் .303 லீ-என்பீல்டு வந்த காலத்திலும் புத்தி மாறவில்லை. இஷாபூர்த் தொழிற்சாலையில் அதன் குழலைக் குடைந்து, மரையில்லாத .410 ஆக்கி, ஒற்றைத் தோட்டா மட்டும் போடும்படி செய்து போலீஸாருக்குக் கொடுத்தார்கள். துப்பாக்கி தங்கள் பக்கம் திரும்பிவிட்டால்?

மறுபக்கம் திரும்புவதைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. ஆண்டிபட்டிக் கணவாய்க்குக் கிழக்கே பெருங்காமநல்லூரில், கைரேகைச் சட்டத்தை எதிர்த்த கள்ளர்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டார்கள்.

தென்னிந்தியன் போருக்கு லாயக்கற்றவன் என்று எண்ணி, பழைய மதராஸ் படையை 1928-க்குள் கலைத்துவிட்ட அதே சர்க்காருக்கு, இரண்டாம் உலக யுத்தத்தில் ஆள் போதவில்லை. மதராஸ் ரெஜிமெண்ட் மறுபடி எழுந்தது. பெரியப்பா கையில் .303 வந்தது.

முதல் வேலை குறி திருத்துவது. நூறு கஜத்தில் படுத்து, முன்கையை மணல் மூட்டைமேல் வைத்து, ஒரே புள்ளியை நோக்கி ஐந்து முறை சுட வேண்டும். ஒரு குண்டைப் பார்த்து எதையும் தொடக்கூடாது. ஐந்தின் நடுவைக் காண வேண்டும். நடு வலப்புறம் விழுந்தால் குழல் முனையிலுள்ள குறிமுள்ளையும் வலப்புறமே தள்ள வேண்டும். மேலே விழுந்தால் இன்னும் உயரமான முள். கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றும். ஆனால் அதுதான் சரி. தச்சர் கணக்கில் அங்குலத்துக்கு எட்டு நூல் அல்லவா? முள் ஒரு நூல் நகர்ந்தால் நூறு கஜத்தில் குண்டு ஏறக்குறைய இரண்டு அடி நகரும். ஒருவர் திருத்திய குறி இன்னொருவர் கண்ணுக்கும் தோளுக்கும் பொருந்துவதுமில்லை. "அது என் துப்பாக்கி" என்று பெரியப்பா சொல்லும்போது குரலில் ஒரு சொந்தம் இருக்கும்.

யுத்தம் முடிந்ததும் அதை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பினார். நடையாய் நடந்து அவர் பெற்ற லைசென்ஸுக்குக் கிடைத்தது இந்த மரையில்லாத குழல்தான்.

அன்றிரவு மறுபடியும் மருந்து கெட்டித்தார். கரும்புக்குள் சலசலப்புக் கேட்டது. நான் அவர் கையைத் தொட்டேன்.

"பொறுடா. இன்னும் கிட்ட வரட்டும்" என்றார்.