ஆட்சி மாறியும் மாறாத அடித்தளம்

1945ஆம் ஆண்டு யூலை மாத நடுவில், ஜேர்மனியின் பொட்ஸ்டாம் நகரில் மூன்று வல்லரசுகளின் தலைவர்கள் கூடினர். பிரித்தானியப் பிரதம மந்திரி வின்ஸ்டன் சேர்ச்சில், எதிர்க்கட்சித் தலைவர் கிளெமென்ட் அட்லியையும் தம்முடன் அழைத்துச் சென்றிருந்தார். பொதுத் தேர்தலுக்கான வாக்களிப்பு யூலை 5ஆம் திகதியே நடைபெற்றிருந்தது. எனினும், கடல் கடந்து நின்ற போர்வீரரின் வாக்குகளும் வந்து சேரவேண்டியிருந்தமையால், முடிவு யூலை 26ஆம் திகதியே வெளியாயிற்று. முடிவறிய இருவரும் இலண்டன் திரும்பினர். மாநாட்டிற்கு மீண்டு சென்றவர் அட்லி ஒருவரே. அதுவும் பிரதம மந்திரியாக!

போரில் வெற்றி தேடித் தந்த தலைவரை மக்கள் கைவிட்டது நன்றிக்கேட்டினால் அன்று. 1930ஆம் ஆண்டுகளின் வேலையில்லாத் துயரை அவர்கள் மறக்கவில்லை. வறுமை, நோய், அறியாமை, சுகாதாரக்கேடு, வேலையின்மை ஆகிய ஐந்தையும் ஒழிக்க வேண்டுமென 1942ஆம் ஆண்டில் வில்லியம் பெவரிட்ஜ் வெளியிட்ட அறிக்கை அவர்கள் உள்ளத்தில் பதிந்திருந்தது. அதனை நிறைவேற்றுவார் எனத் தாம் நம்பிய தொழிற் கட்சிக்கு அவர்கள் 393 ஆசனங்களை அளித்தனர்.

அட்லி அரசாங்கம் இங்கிலாந்து வங்கியையும், நிலக்கரிச் சுரங்கங்களையும், புகையிரதப் பாதைகளையும் நாட்டுடைமையாக்கியது. 1948ஆம் ஆண்டு யூலை 5ஆம் திகதி, அனியூரின் பெவன் அமைத்த தேசிய சுகாதார சேவை தொடங்கியது. செல்வரும் வறியவரும் கட்டணமின்றி வைத்தியம் பெறும் நிலை பிறந்தது.

ஆயின், ஒரு கட்சி கட்டியதை மறு கட்சி இடித்துவிடுமாயின் அக்கட்டடத்தின் பயன் யாது? இவ்வினாவிற்கு விடை தந்தது 1951ஆம் ஆண்டுத் தேர்தலாகும். அத்தேர்தலில் தொழிற் கட்சி ஏறத்தாழ 1 கோடி 39 இலட்சம் வாக்குகள் பெற்றது. கன்சர்வேட்டிவ் கட்சியும் அதன் துணைவரும் பெற்றவை 1 கோடி 37 இலட்சம் அளவே. ஆனால், தொழிற் கட்சியின் வாக்குகள் சுரங்கப் பகுதிகளிலும் கைத்தொழில் நகரங்களிலும் தேவைக்கு மேலாகக் குவிந்து கிடந்தன. ஆகவே 321 ஆசனங்களுடன் சேர்ச்சில் மீண்டும் பதவியேற்றார். கூடிய வாக்குப் பெற்றும் தோற்ற கட்சி, விதியை ஏற்று அமைதியாக எதிரணியில் அமர்ந்தது.

வென்ற கட்சியும் வரம்பறிந்து நடந்தது. இரும்பு உருக்குத் தொழிலைத் தனியாரிடம் திருப்பிக் கொடுக்க 1953ஆம் ஆண்டில் சட்டம் இயற்றிற்று. சுரங்கங்களையோ புகையிரதங்களையோ தீண்டவில்லை. சுகாதார சேவையின் செலவு மிகையானதா என ஆராய 1953ஆம் ஆண்டில் ஒரு குழுவை நியமித்தது. வீண் விரயம் இல்லையென அக்குழு 1956ஆம் ஆண்டில் அறிக்கை செய்யவே, சேவை நிலைபெற்றது. முந்திய நிதி மந்திரி கெயிற்ஸ்கெல், பிந்திய நிதி மந்திரி பட்லர் ஆகிய இருவரின் பெயர்களையும் பிணைத்து, 'பட்ஸ்கெல்' எனும் கற்பனை மனிதரை 1954ஆம் ஆண்டில் 'எக்கொனமிஸ்ட்' இதழ் படைத்தது.

இவ்வுடன்பாடு சச்சரவற்றது என எண்ணுதல் தவறு. மூக்குக் கண்ணாடிக்கும் கட்டுப்பல்லுக்கும் கட்டணம் விதித்ததை எதிர்த்து, 1951ஆம் ஆண்டில் பெவனே தம் கட்சியின் அமைச்சரவையிலிருந்து விலகினார். வழி பற்றிய பூசல் ஓயவில்லை. வேலையும் வைத்தியமும் அனைவர்க்கும் உரியன எனும் அடிப்படையே இருதரப்பிற்கும் பொதுவாயிருந்தது.

1970ஆம் ஆண்டுகளில் விலையேற்றமும் வேலைநிறுத்தங்களும் அவ்வடிப்படையை அசைத்தன. 1976ஆம் ஆண்டில் அரசாங்கம் சர்வதேச நாணய நிதியத்திடம் கடன் பெற நேர்ந்தது. 1979ஆம் ஆண்டு மே மாதத்தில் வென்ற மார்கிரட் தட்சர், பொது உடன்பாட்டையே வெளிப்படையாக மறுத்தார். நாட்டுடைமையான தொழில்கள் பல பின்னர் தனியார் கைக்கு மாறின. எனினும், சுகாதார சேவையை ஒழிக்க அவரும் முனையவில்லை.

தேர்தல் ஆள்வோரை மாற்றுவது. மாற்றார் செய்த நன்மையைப் பேணுவதோ ஆள்வோரின் பண்பைப் பொறுத்தது. 1951ஆம் ஆண்டில் பிரித்தானியா கண்டது இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த காட்சியாகும்.