பெட்டிக்கு ஒன்று: காமிக்ஸ் நாயகியரின் பொம்மைகள் அரிதானது ஏன்?

காமிக்ஸ் கதைமாந்தரின் உருவில், கை கால்களை மடக்கி விரும்பிய நிலையில் நிறுத்தக்கூடிய வகையில் தயாரிக்கப்படும் பொம்மைகள் 'ஆக்‌ஷன் ஃபிகர்' எனப்படுகின்றன. சிறுவர்களுக்கான விளையாட்டுப் பொருளாகத் தொடங்கிய இவை, இன்று பெரியவர்கள் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பாதுகாக்கும் சேகரிப்புப் பொருளாகிவிட்டன. ஆனால், பழைய வரிசைகளில் நாயகியரும் வில்லிகளும் மிகக் குறைவு. அதற்கான காரணம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1964-ல் 'ஜி.ஐ. ஜோ' என்ற ராணுவ வீரர் பொம்மையை அறிமுகப்படுத்தியது. பார்பியைப் போலவே உடை மாற்றி விளையாடும் பொம்மைதான் அது. 'டால்' என்றால் சிறுவர்கள் தொடமாட்டார்கள் என்று அஞ்சிய நிறுவனம், 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்ற புதிய சொல்லைப் புழக்கத்தில் விட்டது. அப்போதிலிருந்து இது சிறுவர்களுக்கான சரக்கு. பெண் உருவத்தை அவர்கள் வாங்கமாட்டார்கள் என்ற கணிப்பு வணிகத்தில் நிலைபெற்றது.

1967-ல் ஐடியல் நிறுவனம் வொண்டர் வுமன், சூப்பர்கேர்ள், பேட்கேர்ள், மேரா ஆகிய நால்வரையும் 'சூப்பர் குயின்ஸ்' என்ற வரிசையில் வெளியிட்டது. அது நீடிக்கவில்லை. பெட்டியுடன் எஞ்சியிருக்கும் ஒருசில பொம்மைகளுக்குச் சேகரிப்பாளர்கள் இன்று ஆயிரக்கணக்கான டாலர் தருகின்றனர். 1970-களில் மெகோ நிறுவனம் துணி உடையுடன் வெளியிட்ட எட்டு அங்குல பொம்மைகளில் கேட்வுமனுக்கும் இடம் கிடைத்தது.

1980-கள் இன்னும் கஞ்சத்தனமானவை. கென்னர் நிறுவனத்தின் 'சூப்பர் பவர்ஸ்' வரிசையில் (1984-86) 30-க்கும் மேற்பட்ட கதைமாந்தர் வந்தனர். அவர்களில் பெண் வொண்டர் வுமன் ஒருவரே. மேட்டல் நிறுவனத்தின் பொம்மை விற்பனையை மனதில் வைத்தே மார்வெல் 'சீக்ரெட் வார்ஸ்' என்ற 12 இதழ்த் தொடரை 1984-ல் தொடங்கியது. ஷீ-ஹல்க், வாஸ்ப், ஸ்டார்ம், என்சான்ட்ரஸ் எனப் பெண்கள் பலர் அக்கதையில் மோதினர். பொம்மை வரிசையிலோ ஒரு பெண்கூட இல்லை. அதே 1984-ல் ஜி.ஐ. ஜோ வரிசையில் பரோனஸ் வெளிவந்தது ஒரு விதிவிலக்கு. 1982-ல் மார்வெல் காமிக்ஸில் அறிமுகமாகி, அதன் பிறகே பொம்மையான வில்லி அவர்.

வரிசையில் இடம்பெற்ற பெண்களும் கடைக்கு வந்த விதம் கவனிக்கத்தக்கது. மொத்தப் பெட்டியில் நாயகன் பொம்மைகள் மூன்று, நான்கு இருக்கும்; பெண் பொம்மை பெரும்பாலும் ஒன்றே. அந்த ஒன்றைச் சேகரிப்பாளர் எவரேனும் முதல் நாளே எடுத்துச் சென்றுவிட்டால், பிறகு வரும் சிறுமிக்கு எதுவும் இருக்காது. விற்க வைக்காத பொருள் விற்கவில்லை என்று கணக்கு எழுதப்பட்டது என்றே இதைச் சொல்ல வேண்டும். 1992-ல் தொலைக்காட்சித் தொடரில் அறிமுகமாகி காமிக்ஸுக்குள் நுழைந்த ஹார்லி குவின், ரசிகர்களைக் கவர்ந்த பின்னரும் பொம்மையாக வெளிவர அந்தப் பத்தாண்டின் பிற்பகுதி வரை காத்திருக்க நேர்ந்தது.

இந்தக் கணிப்பு கதைகளையும் மாற்றியது. 'அயர்ன் மேன் 3' (2013) திரைப்படத்தில் முதன்மை எதிரியாக ஒரு பெண்ணையே முதலில் எழுதியிருந்ததாகவும், பெண் பொம்மை விற்காது என்ற காரணத்தால் அது ஆணாக மாற்றப்பட்டதாகவும் இயக்குநர் ஷேன் பிளாக் 2016-ல் தெரிவித்தார். அதற்கு முந்தைய ஆண்டு, 'ஏஜ் ஆஃப் அல்ட்ரான்' படத்தில் பிளாக் விடோ விமானத்திலிருந்து மோட்டார் சைக்கிளுடன் பாயும் காட்சி பொம்மையானபோது, வண்டியில் அமர்த்தப்பட்டவர் கேப்டன் அமெரிக்கா. ரசிகர்கள் கொதித்தனர், சக நடிகர் மார்க் ரஃபலோ, பிளாக் விடோ பொருட்கள் கூடுதலாக வேண்டும் என்று ட்விட்டரில் பகிரங்கமாகக் கேட்டார். 2016-ல் மேட்டல் 'டிசி சூப்பர் ஹீரோ கேர்ள்ஸ்' வரிசையைச் சிறுமியருக்காகவே கொண்டுவந்தது.

'டாலா, பொம்மையா' என்ற பழைய கேள்வி நீதிமன்றத்துக்கும் சென்றது. அப்போதைய அமெரிக்கச் சுங்க விதிப்படி மனித உருவமான 'டால்' என்றால் 12 சதவீத வரி விதிக்கப்பட்டது. மற்ற பொம்மை என்றால் 6.8 சதவீதமாக இருந்தது. எக்ஸ்-மென் கதைமாந்தர் மனிதர்கள் அல்லர் என்று டாய் பிஸ் நிறுவனம் வாதிட்டு, 2003-ல் வென்றது. தாங்களும் மனிதர்களே என்று காமிக்ஸில் காலமெல்லாம் போராடியவர்கள் அவர்கள்!

இந்தியாவில், எம்.ஆர்.எஃப் குழுமத்தின் ஃபன்ஸ்கூல் நிறுவனம் உள்நாட்டிலேயே தயாரித்த ஜி.ஐ. ஜோ பொம்மைகளை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களும் தேடுகின்றனர். இறக்குமதிப் பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ முத்திரை கட்டாயம். எனவே பெட்டியில் அச்சிட்டுள்ள வயது வரம்பைப் பார்த்து வாங்குவது அவசியம். பழைய பொம்மையாக இருந்தால் துணைப் பொருட்களையும் சரிபார்க்க வேண்டும். கையில் கயிறு இல்லாத 'சூப்பர் பவர்ஸ்' வொண்டர் வுமனுக்கு முழு விலை கிடைக்காது.